வேலியில் பூசணி ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரையில் படரும் பூசணிக்கொடியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். மண்ணைத் தொடும் கணுக்களில் புது வேர் இறங்கியிருக்கும். காயின் பாரத்தையும் மண்ணே தாங்கிக்கொள்ளும். வேலியில் ஏற்றிய கொடிக்கு இந்த இரண்டும் கிடையாது. அந்தக் குறையை நாம் ஈடுகட்டாமல் விடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். உயரே உள்ள அத்தனை இலைக்கும் அடியில் இருக்கும் ஒரே வேர்தான் நீர் ஏற்ற வேண்டும். போதாக்குறைக்கு, பலகை வேலியோ மதிலோ மழையை மறைப்பதால் அதன் ஓரத்து மண் சீக்கிரம் காய்ந்துவிடும். வேலியை ஒட்டி விதைக்காமல் 30 செ.மீ. தள்ளி விதையுங்கள். தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, வேர் வரை இறங்கும்படி ஊற்றி, காய்ந்த சருகால் மூடாக்குப் போடுவது நல்லது. உச்சி வெயிலில் இலை துவண்டால் பதறவும் வேண்டாம். மாலையில் நிமிர்ந்துவிட்டால் பிரச்சினை இல்லை. காலையிலும் துவண்டே இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

'மேலேதானே போகப்போகிறது' என்று நெருக்கி நடுவது இன்னொரு தவறு. செடிக்குச் செடி 60 முதல் 90 செ.மீ. இடைவெளி வேண்டும். காற்றுப் புகாத அடர்த்தியில், இலைமேல் வெள்ளைப் பொடி போலப் படரும் சாம்பல் நோய் சுலபமாக வரும். அதற்கு இலை நனைய வேண்டும் என்றுகூட இல்லை.

விதை வாங்கும்போதே தவறுகிறவர்களும் உண்டு. பூசணி இனத்தைச் சேர்ந்த சுக்கினியில் பெரும்பாலானவை புதராக நிற்கும் ரகங்கள். அவற்றை எவ்வளவு கட்டினாலும் ஏறாது. கொடி ரகமா என்று பார்த்து வாங்குங்கள்.

கொடி ரகமாகவே இருந்தாலும், பிடிக்க ஏதாவது இருந்தால்தானே ஏறும்? கொடி பிடித்து ஏற உதவும் சுருள் இழையான பற்றுக்கம்பி, மெல்லிய பொருளைத்தான் சுற்றிக்கொள்ளும். பருத்த கம்பமும் வழுவழுப்பான பலகையும் அதற்குப் பயன்படாது. அப்படிப்பட்ட வேலியில் கம்பிவலையோ கயிற்று வலையோ அடித்துவிடுங்கள். கண்ணின் அகலம் 10 முதல் 15 செ.மீ. இருக்கட்டும். சின்னக் கண்ணுக்குள் பிஞ்சு நுழைந்து பருத்துவிட்டால், வலையை வெட்டாமல் காயை எடுக்க முடியாது. வேலி ஏற்கெனவே ஆடுகிறதென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இலை மூடிய வேலி கப்பலின் பாய் மாதிரி. காற்று மொத்தத்தையும் வாங்கும்.

தரையில் இரண்டு மீட்டர் ஓடவிட்ட பிறகு கொடியைத் தூக்கிக் கட்டலாம் என்று நினைக்காதீர்கள். தண்டின் உள்ளே வெற்றிடம்தான், மடக்கினால் முறியும். இளசாக இருக்கும்போதே, இரண்டு நாளைக்கொரு முறை, கொழுந்தை வேலிப் பக்கம் திருப்பிவிடுங்கள். காலையில் தண்டு விறைப்பாக இருக்கும். பிற்பகலில் சற்றுத் தளர்ந்து வளைந்துகொடுக்கும். கட்டுவதற்குப் பழைய துணிக் கீற்று போதும். தண்டு பருக்கும் என்பதால் தளர்வாகக் கட்டுங்கள்.

சிறிய காய்களைக் காம்பே தாங்கிவிடும். அந்தக் காம்பு நாம் நினைப்பதைவிட உறுதியானது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வளரும் ரகமென்றால் தூளி கட்ட வேண்டும். நீண்டுகொடுக்கும் பனியன் துணியோ வலைப்பையோ போதும், தண்ணீர் தேங்கக் கூடாது. தூளியை வேலியில்தான் கட்ட வேண்டும். கொடியிலேயே கட்டினால் பாரம் திரும்பவும் கொடிக்குத்தான் போகும். இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் அவசரத்தில் கை பக்கத்தில் இருப்பதில்தான் முடிச்சுப் போடும்.

பூ கொட்டுகிறதே என்று உரத்தைக் கூட்டுவதும் வேண்டாத வேலை. முதலில் பூப்பவை பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை உதிரத்தான் செய்யும். அடியில் குட்டிக் காயோடு வருவதே பெண் பூ. உரத்திலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமானால் இலைதான் செழிக்கும். பிஞ்சு மஞ்சளாகி விழுந்தால், மகரந்தம் சேராமல் போயிருக்கலாம். பூசணிப் பூ விடியலில் விரிந்து முற்பகலிலேயே மூடிவிடும். காலையில் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் தடவுங்கள். சுரைக்காய்க்கு இதை மாலையில் செய்ய வேண்டும். அதன் வெள்ளைப் பூ அந்தியில்தான் விரியும்.

கொடி வேலி உச்சியைத் தொட்டதும் கொழுந்தைக் கிள்ளிவிடலாம். அறுவடையின்போது ஒரு கையால் காயைத் தாங்கிக்கொண்டு, சற்றே காம்பு விட்டு வெட்டுங்கள். இழுத்துப் பறித்தால் காயோடு கொடியும் வரும்.