கணக்குப் பரீட்சை முடிந்து விடை ஒப்பிடுவது எப்படி

பரீட்சை முடிந்ததும் விடையைப் பற்றிப் பேசாதே என்று சொல்லிப் பயனில்லை. வாசலைத் தாண்டுவதற்குள், "பதினேழாவதுக்கு என்னடா போட்ட?" ஆரம்பித்துவிடும். கணக்கு டியூஷன் எடுக்கிற நான் அதைத் தடுப்பதில்லை. பேசுங்கள், ஆனால் உருப்படியாகப் பேசுங்கள் என்பதுதான் என் கட்சி.

முதலில், பேசலாமா என்று பாருங்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. போன்ற தேர்வுகளில் கேள்விகளை வெளியே பகிர்வதற்கே தடை உண்டு. அதில் பேசிப் பெரிய லாபமும் இல்லை. எஸ்.ஏ.டி.யில் கணிதம் 22 கேள்விகள் கொண்ட இரண்டு பகுதிகளாக வரும். முதல் பகுதியை எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டாவது பகுதி மாறும். பக்கத்து நாற்காலிக்காரர் பார்த்ததே வேறு கேள்வியாக இருக்கலாம். பல ஷிஃப்டாக நடக்கும் தேர்வென்றால், எல்லோரும் எழுதி முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். மறுநாள் வேறு பரீட்சை இருந்தால் இதைத் தள்ளிப்போடுங்கள், அவ்வளவுதான்.

பேசலாம் என்றால், பேசுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. தனியாக உட்கார்ந்து உங்கள் விடைகளை ஒரு தாளில் பேனாவால் எழுதுங்கள். உறுதியானதற்கு டிக், குத்துமதிப்பாகப் போட்டதற்குக் கேள்விக்குறி, விட்டதற்குக் கோடு. இது ஏன் அவசியம் என்றால், நன்றாகப் படிக்கும் பையன் "12" என்று சொன்ன அடுத்த நொடியே நாலு பேர், "ஆமா, நானும் அதான்" என்பார்கள். பொய் சொல்கிறார்கள் என்று இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் போட்டோம் என்று அவர்களுக்குத் தோன்றிவிடும்.

அப்புறம், "எனக்கு பி, உனக்கு சி" என்று எழுத்தைச் சொல்லி ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள். வேறு வேறு செட் வினாத்தாள்களில் விருப்பங்கள் இடம் மாறியிருக்கும். கேள்வியைச் சொல்லுங்கள், பிறகு விடையின் மதிப்பைச் சொல்லுங்கள்.

மதிப்பு வேறாகத் தெரிந்தாலும் உடனே வயிற்றைக் கலக்க வேண்டாம். ஒருவர் 1/√2 என்பார், இன்னொருவர் √2/2 என்பார், இரண்டும் ஒன்றே. தொகையிடலில்தான் (இன்டக்ரேஷன்) நிஜமான சண்டை வரும். சைன் எக்ஸையும் காஸ் எக்ஸையும் பெருக்கித் தொகையிடச் சொன்னால், ஒருத்திக்குச் சைன் வர்க்கத்தில் பாதி வரும். இன்னொருத்திக்கு மைனஸ் காஸ் வர்க்கத்தில் பாதி. மூன்றாமவள் இரட்டைக் கோணத்தில் போய், மைனஸ் காஸ் 2எக்ஸில் கால் பங்கு என்று வந்து நிற்பாள். எக்ஸுக்கு 0 போடுங்கள்: 0, −1/2, −1/4. இப்போது 90 டிகிரி போடுங்கள்: 1/2, 0, 1/4. மூன்றுமே சரியாக 1/2 ஏறியிருக்கின்றன. இப்படி இரண்டு இடத்தில் போட்டுப் பார்ப்பது நிரூபணம் ஆகாது, ஆனாலும் சண்டையை நிறுத்த நல்ல சோதனை. இங்கே மூன்று விடைகளுக்கும் இடையே ஒரு மாறிலிதான் வித்தியாசம், அதைக் கடைசியில் சேர்க்கும் தொகையிடல் மாறிலி விழுங்கிவிடும். மூவருக்கும் மார்க் உண்டு, மாறிலியை எழுதியிருந்தால்!

விடை நிஜமாகவே வேறுபட்டால், யார் விடை சரி என்று கேட்காதீர்கள். எந்த ஸ்டெப்பில் பிரிந்தீர்கள் என்று தேடுங்கள். √(எக்ஸ் + 3) = எக்ஸ் − 3 என்ற சமன்பாட்டின் தீர்வுகளின் கூடுதல் என்ன? இருபுறமும் வர்க்கப்படுத்தினால் 1, 6 என்று இரண்டு வரும், கூட்டினால் 7. பாதிக் கூட்டம் அங்கேயே நின்றுவிடும். 1ஐத் திரும்பச் சமன்பாட்டில் போட்டால் இடப்புறம் 2, வலப்புறம் −2. அது தள்ளுபடி, விடை 6. இருவரின் வேலையையும் வரி வரியாக அருகருகே வைத்தால், கடைசி வரியில்தான் பிரிந்தார்கள் என்பது தெரியும். "7 இல்லை, 6" என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனவன் அடுத்த பரீட்சையிலும் 7தான் போடுவான்.

ஓட்டெடுப்பு மட்டும் வேண்டாம். 1982இல் எஸ்.ஏ.டி. தேர்வில் ஒரு கேள்வி வந்தது. சிறிய வட்டத்தின் ஆரம் பெரியதன் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு. சிறியது பெரியதன் வெளிவிளிம்பை ஒட்டி உருண்டு, கிளம்பிய இடத்துக்கு வர எத்தனை முறை சுழலும்? சுற்றளவை வகுத்தால் 3. தேர்வு நடத்தியவர்கள் வைத்திருந்த விடையும் 3. சரியான விடையோ 4, கொடுத்த ஐந்து விருப்பங்களில் அது இல்லவே இல்லை. மூன்று மாணவர்கள் எடுத்துச் சொன்ன பிறகு அந்தக் கேள்வியையே நீக்கினார்கள். நம்பிக்கை வரவில்லையென்றால் ஒரே அளவு காசுகள் இரண்டை எடுங்கள். ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றதை அதன் விளிம்பில் வழுக்காமல் உருட்டுங்கள். பாதிச் சுற்று போனதுமே உருளும் காசு ஒரு முழுச் சுழற்சி முடித்து, அதிலுள்ள உருவம் நேராக நிற்கும். அப்படியானால் முழுச் சுற்றுக்கு இரண்டு சுழற்சி, சுற்றளவை வகுத்தாலோ ஒன்றுதான் வரும். வட்டக் கேள்வியிலும் 3 போய் 4 ஆவது இந்தக் கூடுதல் ஒன்றால்தான்.

இனி மார்க் கணக்கு. ஒற்றை எண்ணாகப் போடாதீர்கள். ஜே.இ.இ. மெயின் முறையில் சரிக்கு 4, தவறுக்கு −1. கணிதத்தில் 25 கேள்விகளில் 14 டிக், 6 கேள்விக்குறி, 5 கோடு என்றால், சந்தேகம் எல்லாம் தவறாகப் போனால் 50, எல்லாம் சரியானால் 80. வீட்டில் கேட்டால் இந்த இரண்டு எண்களையும் சொல்லுங்கள். தேர்வுக்குத் தேர்வு விதி மாறும் என்பதும் நினைவிருக்கட்டும். அமெரிக்காவின் ஏ.எம்.சி. 10, 12 என்ற பள்ளிக் கணிதப் போட்டிகளில் சரிக்கு 6, தவறுக்கு 0, விட்டதற்கோ 1.5. அங்கே கோடு போட்ட கேள்விக்கும் மதிப்பு உண்டு.

அதிகாரபூர்வ விடைக்குறிப்பு வந்ததும் அந்தத் தாளை மறுபடி எடுங்கள். குறிப்பிலேயே தவறு என்று தோன்றினால், முறையீட்டுக்குக் கொடுத்திருக்கும் கடைசி நாளுக்குள் முழு வழிமுறையையும் எழுதி, பாடப்புத்தகப் பக்கம் ஏதாவது பொருந்தினால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். "எங்கள் பேட்ச் முழுக்க இதைத்தான் போட்டோம்" என்ற வரியை அதில் எழுத வேண்டாம்.