கும்பினி அரசான விதத்தைப் பாரமகாலில் நின்று படிக்கும் முறை

அரசு அல்லாத அமைப்புகள் அரசுகளுக்கு நிகராக நின்ற வரலாற்றைப் படிக்க முற்படுவோர் பெரும்பாலும் உலகம் முழுவதையும் ஒரே மூச்சில் சுற்றத் தொடங்கி, பெயர்களும் ஆண்டுகளும் குவிந்தவுடன் களைத்துவிடுகிறார்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் வாழ்பவர்களுக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. பங்குதாரர்களின் இலாபத்துக்காக லண்டனிலிருந்து நடத்தப்பட்ட ஒரு வணிக நிறுவனம் 1792 முதல் நம் முன்னோரின் நிலத்தை அளந்தது, வரி விதித்தது, தண்டித்தது. அதுவே ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, மக்கள் அதைக் ‘கும்பினி’ என்றார்கள். ஆகவே ஓர் அமைப்பு, ஒரு நிலப்பகுதி என்று எல்லை வகுத்துக்கொண்டு, அன்று பாரமகால் எனப்பட்ட நம் பகுதியிலிருந்தே படிப்பைத் தொடங்குங்கள்.

முதலில், அந்த அமைப்புக்கு அதிகாரத்தை யார் கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1600 டிசம்பர் 31 அன்று எலிசபெத் அரசியார் வழங்கிய பட்டயத்தால் பிறந்தது. 1602இல் தோன்றிய டச்சுக் கம்பெனிக்கோ, கோட்டை கட்டவும் போர் தொடுக்கவும் உடன்படிக்கை செய்யவும் தொடக்கத்திலேயே உரிமை எழுதித் தரப்பட்டது. இவற்றோடு, சோழர் காலத்தில் கடல்கடந்து வணிகம் செய்த நம் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவை ஒப்பிட்டுப் பாருங்கள். தமக்கெனப் புகழுரையும், சரக்கைக் காக்கும் வீரர்களும், எறிவீரபட்டினங்கள் என்ற காவலுள்ள வணிக ஊர்களும் கொண்டிருந்த அவர்கள் சுமத்ராவின் பாருஸ் அருகே 1088இல் தமிழ்க் கல்வெட்டே நிறுத்தினார்கள். இவ்வளவு வலிமை இருந்தும் அவர்கள் நாடாளவில்லை. பணமும் படையும் சேர்ந்தாலே அரசாகிவிடும் என்ற எண்ணத்தை இந்த ஒப்பீடு திருத்தும் என்பதால், இதைத் தவிர்த்துவிட வேண்டாம்.

அடுத்து, உடன்படிக்கைகளில் கையெழுத்திட்டவர் யார் என்று கவனியுங்கள். இதற்குக் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை விடச் சிறந்த வகுப்பறை எனக்குத் தெரியவில்லை. வெயில் ஏறுமுன் மேலே சென்று, செங்குத்தான பாறையைப் பார்த்தபடி 1791 நவம்பரை நினைத்துப் பாருங்கள். கம்பெனிப் படை கீழே இருந்த பேட்டையைப் பிடித்துவிட்டு மேல்கோட்டையில் ஏற முயன்றபோது, திப்பு சுல்தானின் காவற்படையினர் பாறைகளை உருட்டிவிட்டு ஏணிகளை நொறுக்கினார்கள், தாக்குதல் தோற்றது. ஆயினும் 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் முடிந்த உடன்படிக்கையால் பாரமகாலோடு சேர்ந்து இதே கோட்டை கம்பெனியின் கைக்கு வந்தது. அந்த உடன்படிக்கையில் மைசூர் அரசர் ஒரு பக்கம். ஹைதராபாத் நிஜாமும் மராட்டியரும் கம்பெனியும் மறுபக்கம். ஆள்வோர் நடுவே ஒரு வணிக நிறுவனம் சமமாக அமர்ந்து, திப்புவின் நாட்டில் ஏறத்தாழப் பாதியையும், 3 கோடியே 30 லட்சம் ரூபாய் இழப்பீட்டையும், அவருடைய மகன்கள் இருவரைப் பிணையாகவும் கூட்டாளிகளோடு சேர்ந்து கேட்டுப் பெற்றது.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டிய நிலவரியே உயிரான பகுதி. இதில் அதிக நாள்களைச் செலவிடுங்கள். புதிதாகப் பெற்ற பகுதியை நிருவகிக்கக் கம்பெனி அனுப்பிய கேப்டன் அலெக்சாண்டர் ரீட், அவருக்குத் துணையாக வந்த தாமஸ் மன்றோ ஆகிய இருவருமே வணிகர்கள் அல்லர். கம்பெனியின் படை அதிகாரிகள். ரீட்டும், தருமபுரியில் தங்கிப் பணியாற்றிய மன்றோவும் வயல்வயலாக நிலத்தை அளந்து, இடைத்தரகர் இல்லாமல் உழவரிடமே நேரடியாக வரி பேசும் முறையை இங்கேதான் உருவாக்கினார்கள். பின்னாளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவிய ரயத்துவாரி முறையின் தொடக்கம் அதுவே. கடலில் வணிகம் செய்பவருக்கு ஓர் உழவர் எந்த வயலில் எவ்வளவு விளைவித்தார் என்று அறியும் தேவை இல்லை. அதை அறிந்து ஏட்டில் எழுதத் தொடங்கியபோதே அந்த வணிகர் ஆள்பவராகிவிட்டார் என்பது என் உறுதியான கருத்து. இடையில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலங்களை மிட்டாக்களாக, அதாவது ஏலம் எடுத்தவரே வரி தண்டும் நிலத்தொகுதிகளாக, பிரித்து ஏலம் விட்டதையும் சேர்த்துப் படியுங்கள்.

படிப்பதற்குரிய மூலங்களும் கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளன. ரீட்டும் அவருடைய உதவியாளர்களும் எழுதிய அறிக்கைகளும் கடிதங்களும் பாரமகால் ஆவணங்கள் என்ற தொகுதிகளாகச் சென்னை அரசால் அச்சிடப்பட்டுள்ளன. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடலாம். அவற்றைப் படிக்கும்போது, எழுதியவர்கள் வரி வாங்கியவர்கள் என்பதை ஒவ்வொரு பக்கத்திலும் நினைவில் வையுங்கள். வரி கட்டியவர்களின் குரலுக்கு உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் செல்ல வேண்டும். அவர்களிடம் ‘காலனி ஆட்சி’ என்று தொடங்காமல், கிஸ்தி (வரித் தவணை), ஜமாபந்தி (ஆண்டு வரிக்கணக்குத் தணிக்கை), மிட்டாதார் (மிட்டாவை ஏலம் எடுத்தவர்) என்ற சொற்களைச் சொல்லிக் கேளுங்கள். பேச்சு தானாக வளரும்.

கடைசியாக, அமைப்பைக் கலைக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று கேளுங்கள். சிலுவைப்போர்க் காலத்துக் கிறித்தவப் போர்ச்சபையினரான டெம்பிளர் வீரத்துறவியரைப் போப்பாண்டவர் 1312இல் கலைத்தார். அவர்களைப் போன்றே போர்ச்சபையாக இருந்து மால்டா தீவை ஆண்ட ஹாஸ்பிட்டலர் துறவியரை 1798இல் நெப்போலியன் வெளியேற்றினார். நம் கும்பினியை, அதைப் பிறப்பித்த ஆங்கில அரசே படிப்படியாகக் கட்டிப்போட்டது: 1773, 1784ஆம் ஆண்டுச் சட்டங்கள் அதைக் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தன, 1813இல் இந்திய வணிகத்தின் தனியுரிமை போயிற்று, 1833ஆம் ஆண்டுச் சட்டம் வணிகத்தையே நிறுத்தியது. அதன்பின் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு, வணிகம் செய்யாத ஒரு வணிக நிறுவனம் நாடாண்டது. இந்த இடைக்காலத்தைத் தனியே குறித்து வைத்துப் படியுங்கள். 1858இல் ஆட்சி மகாராணியிடம் சென்று, 1874இல் கம்பெனி முற்றிலும் கலைக்கப்பட்ட பிறகும் நம் பகுதியில் ரயத்துவாரி முறையும் ஆண்டுதோறும் ஜமாபந்தியும் தொடர்ந்தன. அந்தக் கணக்குத் தணிக்கை வட்டாட்சியர் அலுவலகங்களில் இன்றும் நடக்கிறது, நேரில் சென்று பார்க்கலாம்.