மாடல் ரயில் பாதைக்கு ஜல்லி ஒட்டும்போது

ஜல்லியைக் கொட்டும் முன் காந்தத்தை ஒரு காகிதத்தில் சுற்றி அதன் மேல் ஓட்டுங்கள். மணல், கல்தூள் எதிலும் இரும்புத் துகள் இருக்கலாம். அது எஞ்சின் மோட்டாருக்குள் போனால் கதை முடிந்தது.

எச்.ஓ. என்ற மாடல் அளவுக்கு (1:87, அதாவது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு) அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரையிலான கல் போதும். மெல்லிய பிரஷ்ஷால் ஸ்லீப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) மட்டத்துக்குச் சற்றுக் கீழே பரப்புங்கள். தண்டவாளத்தின் உள்பக்கம் ஒரே ஒரு கல் ஏறி நின்றாலும் சக்கர விளிம்பு அதில் மோதித் துள்ளும். அதனால் பசை போடும் முன்பே ஒரு பெட்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள்.

பசையை நேரடியாக ஊற்றினால் அது முத்து முத்தாக உருண்டு கல்லையும் இழுத்துக்கொண்டு ஓடும். முதலில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பனிபோல் தெளித்து நனையுங்கள் (ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது). பிறகு வெள்ளை மரப்பசை ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு கலந்து, டிராப்பரால் தண்டவாளங்களுக்கு நடுவே சொட்டுங்கள். தானாகவே ஊறிப் பரவும்.

ரயில் தடம் மாறும் இடமான பாயின்ட்தான் வம்பு. நகரும் தண்டவாளத்துக்கும் அதை இழுக்கும் கம்பிக்கும் அடியில் ஜல்லியே வேண்டாம். அந்த இடத்துக்குக் கறுப்புப் பெயின்ட் போதும். பசை காயும்வரை நகரும் தண்டவாளத்தை அவ்வப்போது இருபுறமும் அசைத்துவிடுங்கள். தண்டவாளத்தின் மேற்பரப்பை ஈரம் காய்வதற்குள் துடைத்துவிட்டு, ஒரு நாள் கழித்து மின்சாரம் கொடுக்கலாம்.