'யெஸ்' சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள்: ஆங்கிலம் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டலிலும் படகிலும் வேலை செய்யும் பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். எங்கள் காலத்தில் வகுப்பு முழுக்க விட்ட பிழைகளையே இன்றைக்கு வருகிறவர்களும் அப்படியே விடுகிறார்கள். 'ஹீ கோ', 'ஷீ டோன்ட்' வகையறாவை நான் இங்கே தொடப் போவதில்லை. அவற்றால் பெரிய நட்டம் எதுவும் வராது, கேட்பவர் எப்படியும் விளங்கிக்கொள்வார். இரண்டு பக்கமும் விளங்கிவிட்டது என்று நினைத்துப் பிரிந்து போகிற பிழைகள்தான் ஆளைக் கவிழ்க்கும்.

'இல்லையா?' என்ற கேள்விக்கு 'யெஸ்' சொல்வது

இதைப் பற்றி எழுதத் தொடங்கினாலே எனக்கு எரிச்சல் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"இன்றைக்குப் படகு போகாதா?" என்று நம் ஆள் கேட்டால் "ஓம், போகாது" என்கிறோம். நீங்கள் நினைத்தது சரி என்பதுதான் அந்த ஓமுக்கு அர்த்தம். தமிழில் அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆங்கில 'யெஸ்' கேட்டவரின் நினைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. படகு போகும் என்றால் 'யெஸ்', போகாது என்றால் 'நோ'. கேள்விக்குள் 'நொட்' இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, பதில் மாறாது.

என்னிடம் படிக்கிற தம்பி ஒருவர் நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு ஆள் ஏற்றுகிறவர். ஒரு நாள் காலை கடல் சரியில்லை. வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று வந்து, 'ஆர்ன்ட் யூ கோயிங் டுடே?' என்று கேட்டிருக்கிறது. தம்பி 'யெஸ், யெஸ்' என்று சிரித்துத் தலையையும் ஆட்டிவிட்டு, தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். அவர்கள் நீச்சல் கண்ணாடியும் துவாயுமாக மணலில் குந்தியபடி உச்சி வெயில் வரை காத்திருந்திருக்கிறார்கள். அப்புறம் நடந்த சண்டையைத் தீர்க்க ஹோட்டல்காரர் வர வேண்டியதாயிற்று. தம்பிக்கோ தான் பொய் சொல்லவே இல்லை என்று கோபம். "நான் ஓம் என்றுதானே மிஸ் சொன்னேன்!" அதுதானே தம்பி பிரச்சினை.

இது அரை நாளோடு போனது. இன்னொரு பிள்ளை விசா நேர்முகத்துக்குப் போனாள். 'யூ ஹாவ்ன்ட் அப்ளைட் பிஃபோர்?' என்று அதிகாரி கேட்டார். அவள் முன்பு விண்ணப்பித்ததே கிடையாது. ஆகவே பணிவாக 'யெஸ் சேர்' என்றாள். எப்போது, எந்த நாட்டுக்கு, ஏன் படிவத்தில் எழுதவில்லை என்று அடுத்தடுத்துக் கேள்விகள் வர, அவளுக்கு வாய் குழறிவிட்டது. விசா கிடைக்கவில்லை. அந்த ஒரு சொல்தான் காரணம் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் கட்டிய காசு திரும்பி வராது, அவள் மனமும் அன்றைக்கு உடைந்ததுதான்.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயரே இதில் தடுமாறியிருக்கிறார்கள். முன்னைய ஆங்கிலத்தில் இதற்கு நான்கு சொற்கள் இருந்தன. சாதாரணக் கேள்விக்கு 'யே', 'நே', 'இல்லையா?' என்ற கேள்விக்கு 'யெஸ்', 'நோ'. அதாவது, 'நீ நினைப்பது பிழை, உண்டு' என்று மறுக்கத்தான் 'யெஸ்' இருந்தது. விவிலியத்தை மொழிபெயர்த்த வில்லியம் டின்டேல் 'நே' வர வேண்டிய இடத்தில் 'நோ' போட்டுவிட்டார் என்று 1532இல் அக்காலத்து ஆங்கில அறிஞர் தோமஸ் மோர் அவரைப் பிடித்து வாங்கியிருக்கிறார். பிறகு 'யே'யும் 'நே'யும் வழக்கொழிந்து, மற்ற இரண்டும் எல்லாக் கேள்விக்கும் பொதுவாகிவிட்டன. இப்படி மறுப்பதற்கென்று பிரெஞ்சுக்காரர் 'சி' என்றும் ஜெர்மன்காரர் 'டொக்' என்றும் தனிச்சொல் இன்றும் வைத்திருக்கிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். கேள்வியை மறந்துவிட்டு நடப்பை முழு வசனமாகச் சொல்லுங்கள்: 'வீ ஆர் நொட் கோயிங் டுடே.' 'ஐ ஹாவ் நெவர் அப்ளைட்.' வெறும் 'யெஸ்', வெறும் 'நோ' இரண்டையும் விட்டுவிட்டால் பாதி வில்லங்கம் போய்விடும். தலையாட்டலையும் கொஞ்சம் அடக்குங்கள். நம்முடைய பக்கவாட்டு ஆட்டலைப் புதிதாக வருகிறவர் 'இல்லை' என்றும் எடுத்துக்கொள்வார்.

'டூ யூ மைண்ட்?'

மேலே சொன்னதன் தம்பி. 'டூ யூ மைண்ட் இஃப் வீ பே டுமாரோ?' என்றால் 'நாளைக்குக் காசு தந்தால் உங்களுக்கு ஆட்சேபமா?' என்று பொருள். 'யெஸ்' என்றால் ஆட்சேபம் உண்டு என்றாகிவிடும். நம் பிள்ளைகள் 'யெஸ், யெஸ், நோ ப்ராப்ளம்' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல, விருந்தாளி முழிப்பார். 'நொட் அட் ஆல்' என்று பழகிக்கொள்ளுங்கள்.

'பை', 'அன்டில்'

'ப்ளீஸ் பே அன்டில் ஃப்ரைடே' என்று ஒரு விருந்தினர் விடுதியிலிருந்து மின்னஞ்சல் போனதை நானே பார்த்தேன். வெள்ளி வரைக்கும் ஓயாமல் காசு கட்டிக்கொண்டிரு என்பது போல இருக்கிறது. வெள்ளிக்குள் ஒரு தடவை நடந்து முடிய வேண்டியதற்கு 'பை'. வெள்ளி வரை நீடிப்பதற்கு 'அன்டில்'. அறையில் 11 மணி வரை இருக்கலாம் என்றால் 'அன்டில்', 11 மணிக்குள் சாவியைத் தர வேண்டும் என்றால் 'பை'.

'ஐ ஹாவ் எ டவுட்'

நமக்குள்ளே பேச இது போதும், வகுப்பில் நானும் திருத்துவதில்லை. வெளிநாட்டவருக்கு 'டவுட்' என்றால் நம்பிக்கையின்மை. வரவேற்பு மேசையில் நின்றுகொண்டு 'ஐ ஹாவ் எ டவுட் எபவுட் யுவர் பாஸ்போர்ட்' என்றால், கள்ளப் பாஸ்போர்ட் என்று சொல்வதாகத்தான் அவர் காதில் விழும். 'குவெஸ்சன்' என்று சொல்லுங்கள்.

'வெரி ஃபன்னி'

திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப் போகிறவர்கள் கவனிக்க: 'அவர் ட்ரிப் இஸ் வெரி ஃபன்னி' என்றால் உங்கள் பயணம் சிரிப்புக்கிடமானது. மகிழ்ச்சியாக இருக்கும் என்பதற்கு 'ஃபன்'.

'லக்கேஜஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்'

கடைசி 'ஸ்' வேண்டாம்.

'டிஸ்கஸ் எபவுட்'

'எபவுட்' வேண்டாம்.

'கைண்ட்லி ப்ளீஸ்'

ஏதாவது ஒன்று.