கேம்பர் வேனுக்கு மெத்தை: அளவெடுப்பதில் தொடங்கி, அடியில் பூஞ்சை பிடிக்காமல் காப்பது வரை

படுத்துத் தூங்கும் வசதியோடு மாற்றியமைத்த எங்கள் வேனில் போட்ட முதல் மெத்தை நான்கு மாதம்தான் தாங்கியது. படுக்க நன்றாகவே இருந்தது, மேலே தொட்டுப் பார்த்தால் உலர்ந்து, புதிதுபோல இருந்தது. கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டியைத் திறக்க ஒருநாள் மெத்தையைத் தூக்கினேன். அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், பிளைவுட் ஈரத்தில் ஊறி நிறம் மாறியிருந்தது. எந்த மெத்தை வாங்குவது என்று வாரக்கணக்கில் அலசிய நான், அது எதன் மேல் கிடக்கப் போகிறது என்பதை யோசிக்கவே இல்லை. அதனால் இந்தப் பதிவில் மெத்தையின் அடிப்பக்கத்துக்குத்தான் அதிக இடம்.

முதலில் அளவு

நீளம், அகலத்துக்கு முன் உட்காரும் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இருக்கையிலிருந்து உச்சந்தலை வரை எவ்வளவு என்று பாருங்கள். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு 80-இலிருந்து 95 சென்டிமீட்டருக்குள் வரும். கட்டில் பலகையிலிருந்து கூரை வரை உள்ள உயரத்தில் இதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் மெத்தைக்கும் அதன் அடி அடுக்குக்கும் உள்ள இடம். 20 சென்டிமீட்டர் மெத்தையைப் போட்டுவிட்டு, காலையில் குனிந்தபடியே சட்டை மாட்டுவது தினசரித் தொல்லை.

வேனின் சுவர் நேராக இருக்காது. தலைமாடு, நடு, கால்மாடு என்று மூன்று இடத்தில் அகலத்தை அளக்க வேண்டும். சக்கரத்துக்கு மேலே புடைத்து நிற்கும் பகுதியையும் தூண்களையும் டேப்பால் அளந்து தாளில் வரைவதைவிட, பெரிய அட்டைகளை ஒட்டி, கட்டில் பலகை மேல் விரித்து, சுவரோடு சேர்த்து வெட்டி எடுப்பது எவ்வளவோ மேல். வெளிச்சுவர் பக்கமெல்லாம் ஒரு விரல் அகலம் குறைத்துவிடுங்கள். குளிர்ந்த இரும்புச் சுவரை மெத்தை தொடவே கூடாது.

*பிற்சேர்க்கை:* அட்டையில் "மேல்பக்கம்", "தலைமாடு" என்று பெரிதாக எழுதி வையுங்கள். இந்தப் பதிவைப் பார்த்துச் செய்த ஒரு வாசகர் அட்டையைக் கவிழ்த்துப் போட்டு வெட்டிவிட்டார். சக்கரத்துக்கான வளைவு எதிர்ப்பக்கம் வந்துவிட்டது.

எந்த மெத்தை

ஸ்பிரிங் மெத்தையை வேனுக்கு நான் சொல்லவே மாட்டேன். கனம் அதிகம், மடிக்க முடியாது, மூலையை வெட்ட முடியாது. மெமரி ஃபோம் (உடல் அழுத்தத்துக்கு ஏற்ப மெல்ல வடிவம் எடுக்கும் ஃபோம்) குளிரில் இறுகும், வெப்பத்தில் தளரும். வீட்டுக்குள் இது பெரிதாகத் தெரியாது. ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும் வேனில் படுத்தால் முதல் கால் மணி நேரம் பலகை மேல் படுத்ததுபோல இருக்கும். லேட்டக்ஸ் (ரப்பர் நுரை) படுக்க அருமையானது, நீண்ட நாள் உழைக்கும், ஆனால் கனமானது. 190-க்கு 130, தடிமன் 12 சென்டிமீட்டர் என்று ஒரு மெத்தையை எடுத்துக்கொண்டால், கனமீட்டருக்கு 35 கிலோ அடர்த்தி உள்ள சாதாரண ஃபோமில் அது பத்தரை கிலோ வரும். 75 கிலோ அடர்த்தி உள்ள லேட்டக்ஸில் அதே அளவு 22 கிலோவுக்கு மேல். தினமும் மெத்தையைத் தூக்கப் போகிறோம் என்பதால் இந்த வித்தியாசம் முக்கியம்.

என் தேர்வு: 35 கிலோவோ அதற்கு மேலோ அடர்த்தி உள்ள சாதாரண ஃபோம் (பாலியூரித்தேன்), தடிமன் 10-இலிருந்து 12 சென்டிமீட்டர். ஒருக்களித்துப் படுப்பவர்கள் அதன் மேல் 3 சென்டிமீட்டர் மென்மையான லேட்டக்ஸ் அடுக்கு ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

பலரும் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. அடர்த்தி வேறு, கடினம் வேறு. மெத்தை எத்தனை நாள் குழி விழாமல் இருக்கும் என்பதைச் சொல்வது அடர்த்தி. படுத்தால் எப்படி இருக்கும் என்பதைச் சொல்வது கடினம். அடர்த்தி குறைந்த ஃபோமையும் கடினமாகத் தயாரிக்க முடியும். கடையில் கையால் அழுத்தினால் திடமாக இருக்கும், சில மாதத்தில் இடுப்பு இடத்தில் பள்ளம் விழும். சந்தேகமாக இருந்தால் 10 சென்டிமீட்டர் கனசதுரத் துண்டு ஒன்று வாங்கி, சமையலறைத் தராசில் வையுங்கள். எத்தனை கிராம் காட்டுகிறதோ, அதுதான் கனமீட்டருக்கு அத்தனை கிலோ அடர்த்தி. 35 கிராம் என்றால் 35 கிலோ. லேபிளைவிட நான் நம்புவது இந்தத் தராசைத்தான்.

வெட்டுவது

மின்சார இறைச்சிக் கத்தி கிடைத்தால் அதுதான் சிறந்தது. இல்லாவிட்டால் ரொட்டி வெட்டும் நீளமான பல் கத்தி போதும். மேலே மட்டும் கோடு போட்டால் கத்தி சாய்ந்துவிடும், அதனால் அடிப்பக்கத்திலும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அழுத்தாமல், நீள நீளமாக இழுங்கள். இரண்டு துண்டுகள் ஒன்றையொன்று தொடும் பக்கத்தில் மட்டும் அரை சென்டிமீட்டர் கூடுதலாக விட்டால் நடுவில் இடுக்கு தெரியாது.

மெத்தைக்குக் கீழே

சரி, என்னைத் தடுக்கி விழவைத்த இடத்துக்கு வருவோம்.

நம் தோலும் மூச்சும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 800 மில்லி நீரை, வியர்வை என்று தெரியாமலேயே, ஆவியாக வெளியேற்றுகின்றன. எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு பேர் என்றால் அரை லிட்டர். இதில் ஒரு பகுதி மெத்தை வழியாகக் கீழே இறங்குகிறது. 20 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 12 டிகிரிக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் அங்கே நீராகப் படியும். குளிர்ந்த இரவில் கட்டில் பலகை அந்த வெப்பநிலைக்குச் சுலபமாக இறங்கிவிடும். மெத்தை நம் உடல் சூட்டைக் கீழே போகவிடாமல் தடுப்பதால் பலகை இன்னும் குளிர்ந்து கிடக்கும். மேலே உலர்ந்திருக்க, அடியில் நனைவது இப்படித்தான்.

முதல் மெத்தை போன பிறகு நான் செய்த வேலை பலகை மேல் பிளாஸ்டிக் தாள் விரித்தது. ஈரம் பலகையிலிருந்து வருகிறது என்று நினைத்துவிட்டேன். ஈரம் வருவது மேலேயிருந்து, நம்மிடமிருந்து. இரண்டே வாரத்தில் தாளுக்கும் மெத்தைக்கும் நடுவே தண்ணீர் முத்து முத்தாக நின்றது. தயவுசெய்து பிளாஸ்டிக் போடாதீர்கள். நீர்புகா உறையை மெத்தைக்கு அடியில் மாட்டுவதும் இதே தப்புதான்.

தேவை காற்று போக வழி. புதிதாகக் கட்டில் அடிப்பவர்கள் பிளைவுட்டுக்குப் பதில் ரீப்பர் கட்டைகளை வரிசையாக அடியுங்கள். கட்டைகளுக்கு நடுவே 5 சென்டிமீட்டர் இடைவெளி போதும், அதற்கு மேல் போனால் ஃபோம் இடுக்கில் இறங்கத் தொடங்கும். பிளைவுட் ஏற்கெனவே இருந்தால் 3 சென்டிமீட்டர் ஹோல் சா (டிரில்லில் மாட்டி வட்டத் துளை போடும் ரம்பம்) வைத்து, 12 சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் துளை போடுங்கள். ஓரங்களையும், கீழே தாங்கும் சட்டங்கள் வரும் இடத்தையும் விட்டுவிடுங்கள். துளைகள் மட்டும் போதாது, ஏனென்றால் துளைகளுக்கு நடுவே மெத்தை பலகையோடு ஒட்டித்தான் கிடக்கும். அதன் மேல் ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள முப்பரிமாண வலை விரிப்பு வேண்டும். நைலான் நார்ப் பிரஷ்போல விறைப்பாக இருக்கும், ஆள் படுத்தாலும் நசுங்காது. ரப்பர் சேர்த்த தேங்காய் நார் விரிப்பும் வேலை செய்யும், ஆனால் நனைந்தால் உலர நேரமாகும். என் ஓட்டு வலை விரிப்புக்கே.

*பிற்சேர்க்கை:* துளையும் போட்டு வலையும் விரித்த பிறகும் ஈரம் நிற்கவில்லை என்று இரண்டு பேர் எழுதினார்கள். விசாரித்தால், இருவருமே கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டியில் துணிகளையும் போர்வைகளையும் பலகையைத் தொடும் அளவுக்கு அடைத்திருந்தார்கள். துளைகள் காற்றைத் தொட வேண்டும், துணியை அல்ல. மேலே நான்கு விரல் இடம் விடுங்கள். பெட்டியின் முன்பக்கத்திலும் ஒரு காற்றுத் துவாரம் வையுங்கள்.

தினமும் செய்ய வேண்டியது

எழுந்த உடனே படுக்கையை அழகாக மூடிவிடாதீர்கள். போர்வையை ஒதுக்கிவிட்டு, மெத்தையின் ஒரு பக்கத்தைத் தூக்கி, அடியில் ஒரு பையைச் சொருகி அரை மணி நேரம் விடுங்கள். தூங்கும்போது கூரை ஜன்னலையும் தாழ்வான இன்னொரு ஜன்னலையும் ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் ஈரக் காற்று மேலே ஏறி வெளியே போகும், குளிர் அடித்தாலும் இதைச் செய்யுங்கள். புகைக்குழாய் இல்லாத எரிவாயு ஹீட்டர் வேண்டவே வேண்டாம். ஒரு கிலோ புரோப்பேன் எரிவாயு எரிந்தால் 1.6 கிலோ நீராவி வருகிறது, அவ்வளவும் வண்டிக்குள்ளேயே நிற்கும். கார்பன் மோனாக்சைடு ஆபத்து அதைவிடப் பெரிது, உயிரையே எடுத்துவிடும்.

ஜிப் வைத்த, கழற்றித் துவைக்கும் உறை வாங்குங்கள். மாதம் ஒருமுறை தலைமாடு கால்மாடு மாற்றிப் போடுங்கள். வெயிலில் காயவைப்பது நல்லது, ஆனால் உறையோடு. நேர் வெயில் பட்டால் லேட்டக்ஸ் சீக்கிரம் பொடிந்துபோகும், சாதாரண ஃபோமும் மஞ்சளாகும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் மெத்தையை வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள், முடியாவிட்டால் சுவரில் படாமல் நிமிர்த்தி வையுங்கள்.

பூஞ்சை உறையில் மட்டும் இருந்தால் துவைத்துக் காப்பாற்றலாம். ஃபோமுக்குள் இறங்கிவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள். நான் வினிகர், சமையல் சோடா என்று ஒரு வாரம் போராடினேன், வாசனை போகவே இல்லை. இரவெல்லாம் மூச்சு விடும் இடம் அது.

*இன்னொரு பிற்சேர்க்கை:* தினமும் தூக்குவது முதுகுக்குச் சிரமம் என்று கேட்டவர்களுக்கு, மெத்தையை இரண்டாக வெட்டுங்கள். நீளவாக்கில் வேண்டாம், இருவர் படுத்தால் நடுவில் பிளவு விழும். குறுக்காக, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும் இடத்தில் வெட்டினால் படுக்கும்போது தெரியாது. கால்மாட்டுத் துண்டு சின்னது, அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டால் தலைமாட்டுத் துண்டை ஒரு கையால் நிமிர்த்திவிடலாம். நிமிர்த்தும்போது அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். சில்லென்று இருந்தால் அன்று அரை மணி நேரம் போதாது, மதியம் வரை அப்படியே விடுங்கள்.