பியெர்தான் கோட்டைத் தேவாலயத்தைப் பார்க்கும் முறை

ருமேனியாவின் டிரான்சில்வேனியாவில், சிகிஷ்வாராவுக்கும் மெதியாஷுக்கும் இடையே ஓடும் சாலையிலிருந்து தெற்கே பிரிந்து சென்றால் பியெர்தான் என்னும் கிராமத்தை அடையலாம். ஊர் நடுவிலுள்ள குன்றின் மேல், மூன்று சுற்று மதில்களுக்குள், ஒரு தேவாலயம் நிற்கிறது. வருகிறவர்களில் பலர் நேரே படியேறி, பலிபீடத்தைப் படமெடுத்துக்கொண்டு, அரை மணி நேரத்தில் இறங்கிவிடுகிறார்கள். அதை முதலில் கோட்டையாகவும் அதன் பிறகே வழிபாட்டு இடமாகவும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து; அதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

போவதற்கு முன் ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. 12ஆம் நூற்றாண்டில் ஹங்கேரியின் அரசர் இரண்டாம் கேஸா, எல்லையைக் காப்பதற்காக ஜெர்மன் மொழி பேசும் மக்களை இங்கே வரவழைத்துக் குடியமர்த்தினார். சாக்சன்கள் என்று அழைக்கப்படுபவர்கள் இவர்களே. 1241இல் மங்கோலியப் படையெடுப்பும், பின்னர் ஒட்டோமான் படைகளின் தொடர் தாக்குதல்களும் வந்தபோது, இக்கிராமத்தார் தங்கள் தேவாலயங்களையே அரண்களாக மாற்றிக்கொண்டார்கள். பிரபு ஒருவருடைய கோட்டைக்குள் தஞ்சம் புகாமல், ஊரே கூடித் தன் கோட்டையைக் கட்டிக்கொண்டது என்பதுதான் இதன் தனிச்சிறப்பு. யுனெஸ்கோ 1993இல் பியெர்தானை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1999இல் மேலும் ஆறு கிராமங்கள் அதனுடன் இணைக்கப்பட்டன.

பியெர்தானுக்கு ரயில் இல்லை. சிகிஷ்வாரா அல்லது மெதியாஷ் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து வாடகைக் காரிலோ டாக்சியிலோ செல்வதே எளிது. மே முதல் அக்டோபர் வரையிலான மாதங்கள் ஏற்றவை. குளிர்காலத்தில் பல தேவாலயங்கள் பூட்டியே கிடக்கும். திறக்கும் நேரத்தை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள்; நுழைவுச் சீட்டுக்கு லெய் நாணயத்தில் சில்லறை வைத்திருங்கள்.

ஊர்ச் சதுக்கத்தில் நின்று முதலில் மேலே பாருங்கள். மதில்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, உள்ளே போகப் போக உயர்ந்துகொண்டே செல்வது அங்கிருந்து தெளிவாகத் தெரியும். வெளிமதிலைக் கடந்து வந்த பகைவனும் அடுத்த மதிலுக்குக் கீழேதான் நிற்க வேண்டியிருந்தது. பிறகு கூரை வேய்ந்த மரப்படிக்கட்டு வழியாக ஏறலாம். மேலே சென்றதும் உள்ளே நுழைந்துவிடாமல், மதிலை ஒட்டி ஒரு முறை முழுதாகச் சுற்றி வாருங்கள். மதில் கோபுரங்களில் ஒன்று, ஊரார் லூத்தரன் சபைக்கு மாறிய பிறகும் கத்தோலிக்கராகவே நீடித்தவர்களுக்கு வழிபாட்டு இடமாக விடப்பட்டது. அதன் சுவர்களில் பழைய ஓவியங்கள் மங்கலாக எஞ்சியிருக்கின்றன. 1572 முதல் 1867 வரை சாக்சன்களின் லூத்தரன் ஆயர்கள் பியெர்தானிலேயே இருந்தார்கள். அவர்களில் சிலருடைய கல்லறைக் கற்களை வேறொரு கோபுரத்தில் காணலாம். மணவிலக்குக் கேட்டு வந்த தம்பதியரை ஒரே கட்டில், ஒரே தட்டு, ஒரே கரண்டியுடன் அடைத்து வைத்ததாக ஊரார் சொல்லும் சிறிய அறையும் இந்தச் சுற்றில்தான் இருக்கிறது.

தேவாலயத்துக்குள் நுழைந்ததும் எல்லோருடைய கண்ணும் பல பலகைகளில் தீட்டப்பட்ட பெரிய பீட ஓவியத்துக்குப் போகும். அதை நிதானமாகப் பாருங்கள். ஆனால் குருவானவர் உடை மாற்றும் அறையின் கதவைத் தவறவிட்டுவிடாதீர்கள். 1515ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தக் கதவின் முன்புறம் வண்ண மரத்துண்டுகளைப் பதித்துச் செய்த நுணுக்கமான வேலைப்பாடு. அதன் உட்புறத்தில்தான் வியப்பு இருக்கிறது: ஒரே சாவியைத் திருப்பினால், பத்துக்கும் மேற்பட்ட இரும்புத் தாழ்கள் நாலாபுறமும் நீண்டு நிலைக்குள் புகுந்துகொள்ளும். ஊரின் மதிப்புமிக்க பொருள்கள் இக்கதவுக்குப் பின்னேதான் காக்கப்பட்டன. இந்தப் பூட்டு 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியிலும் வைக்கப்பட்டது. கதவு திறந்திருந்தால் பக்கவாட்டில் நின்று தாழ்களின் இணைப்புகளைப் பாருங்கள், கைவைக்க வேண்டாம்.

ஒரே நாளில் ஏழு கிராமங்களையும் பார்த்துவிடத் திட்டமிடாதீர்கள், இரண்டே போதும். இரண்டாவதாக விஸ்க்ரியைப் பரிந்துரைப்பேன். வெண்சுவர்களோடு குன்றின் மேல் நிற்கும் அந்தத் தேவாலயம் பியெர்தானைவிடச் சிறியது, அமைதியானது. முற்றுகைக் காலத்து உணவுச் சேமிப்பு எப்படியிருந்தது என்று அறிய விரும்புகிறவர்கள் தர்ஜியுவுக்குச் செல்லலாம். இது சாக்சன்களுடைய ஊர் அல்ல, ஹங்கேரிய மொழி பேசும் சேகெய் மக்களுடையது. அங்கே குடும்பங்கள் தானியத்தையும் உப்பிட்ட பன்றிக் கொழுப்பையும் கோட்டைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. பட்டியலில் இல்லாத சிற்றூர்களில் கதவு பூட்டியிருந்தால் திரும்பிவிடாதீர்கள். சாவி பெரும்பாலும் பக்கத்து வீடொன்றில் இருக்கும். கதவில் ஒட்டியுள்ள எண்ணை அழைத்தால் ஒருவர் வந்து திறந்துவிடுவார். 1989இல் ருமேனியாவில் கம்யூனிச ஆட்சி வீழ்ந்த பிறகு சாக்சன்களில் மிகப் பெரும்பாலோர் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்துவிட்டதால், எஞ்சியிருக்கும் ஒருசில முதியவர்களும் அண்டை வீட்டாருமே பல இடங்களில் இவற்றைப் பேணி வருகிறார்கள். ஆகவே அவர்களுக்கு நன்றி சொல்லுங்கள், உண்டியலிலும் ஏதாவது போடுங்கள்.

பியெர்தானை விட்டுக் கிளம்புவதற்கு முன், எதிரேயுள்ள சரிவில் சிறிது தூரம் ஏறுங்கள். மூன்று மதில்களும் கோபுரங்களும், அவற்றைச் சுற்றி நெருங்கி நிற்கும் வீடுகளின் ஓட்டுக்கூரைகளும் ஒரே பார்வையில் அடங்குவது அங்கிருந்துதான்.