பழைய ஷிர்லி டெம்பிள் பொம்மை: அடையாளம் காண்பதும் அழுக்கெடுப்பதும்

நியூஜெர்சியில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்றார்கள். அங்கேதான் என் ஷிர்லி கிடைத்தாள். 18 அங்குல உயரம், கன்னக்குழி, தலை நிறையச் சுருள் முடி, முகமெல்லாம் எண்பது வருஷ அழுக்கு. வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் வேலையாக ஈரத்துணியால் துடைத்தேன். இடது கன்னத்துச் சிவப்பு துணியோடு வந்துவிட்டது. அதே தப்பை நீங்களும் செய்யாமல் இருக்கத்தான் இந்தப் பதிவு.

முதலில், எந்தக் காலத்துப் பொம்மை?

1935 முதல் 1938 வரை ஹாலிவுட்டில் வசூலில் முதலிடம் பிடித்தவள் ஷிர்லி டெம்பிள் என்ற சின்னப் பெண். ஐடியல் என்ற அமெரிக்க நிறுவனம் 1934-இல் அவளைப் போலவே பொம்மை செய்து விற்கத் தொடங்கியது. முகத்தை வடித்தவர் பெர்னார்ட் லிப்ஃபெர்ட். அந்தப் பொம்மைகளெல்லாம் கம்போசிஷன், அதாவது மரத்தூளையும் பசையையும் குழைத்து அச்சில் வார்த்து, மேலே வண்ணம் பூசியவை. 1957-இல் அதே நிறுவனம் மறுபடி வெளியிட்டவை வினைல், அதாவது ஒரு வகை பிளாஸ்டிக்.

விரல் நகத்தால் மெல்லத் தட்டுங்கள். மரம் போலச் சத்தம் வந்தால் கம்போசிஷன். பிறகு முடியைப் பாருங்கள். பழையதில் மொஹேர் (அங்கோரா ஆட்டு ரோமம்) விக் ஒட்டியிருக்கும். வினைலில் முடி தலைக்குள்ளேயே நட்டிருக்கும். பிடரியிலோ முதுகிலோ 'ஷிர்லி டெம்பிள்' என்ற எழுத்து பதிந்திருக்கும். 12 அங்குல வினைல் என்றால் 'எஸ்டி-12' என்றிருக்கும். முத்திரை மங்கியிருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள், எழுத்து எழுந்து தெரியும். நேராக வெளிச்சம் அடித்துப் பார்த்து, முத்திரையே இல்லை என்று நான் ஒரு வாரம் சோகமாக இருந்தேன்.

அழுக்கெடுப்பது

கம்போசிஷனுக்கு ஈரம் ஆகவே ஆகாது. உள்ளே இருப்பது மரத்தூள் அல்லவா, ஈரம் பட்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். மேலே இருக்கும் பூச்சு அந்த அளவுக்கு வளைந்து கொடுக்காது. சிலந்தி வலை மாதிரி விரிசல் விடும். அந்த விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் பூச்சு செதில் செதிலாக உரியும். என் கன்னத்துக் கதை இதுதான் (பொம்மையின் கன்னம்!).

அதனால் முதலில் மேக்கப் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். பல் துலக்கும் பிரஷ் வேண்டாம், எவ்வளவு மென்மை என்று அட்டையில் போட்டிருந்தாலும் சரி. பிறகு காது பட்ஸில் துளியூண்டு கோல்ட் கிரீம் (மேக்கப் கலைக்கும் முகக் கிரீம்) தொட்டு, உடைக்குள் மறையும் முதுகில் ஒரு பட்டாணி அளவு இடத்தில் தேய்த்துப் பாருங்கள். பட்ஸில் சாம்பல் நிறம் வந்தால் அழுக்கு. சதை நிறம் வந்தால் வண்ணம் போகிறது, அங்கேயே நிறுத்துங்கள். பிரச்சினை இல்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறி, பழைய பனியன் துணியால் கிரீமை ஒற்றி எடுங்கள். விரிசல் உள்ள இடத்தையும் உதடு, புருவத்தையும் தொடவே வேண்டாம்.

முடிக்குச் சீப்பு கூடாது. சுருளை விரலில் சுற்றி விட்டாலே போதும். நான் ஒரே ஒரு சுருளைச் சீவிப் பார்த்தேன், பஞ்சு மிட்டாய் ஆகிவிட்டது.

கண் மங்கலாக இருந்தால் பொம்மையை மல்லாக்கப் படுக்க வைத்து, கண் மூடாதபடி இமையைப் பிடித்துக்கொண்டு, குண்டூசி முனையால் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுவார்கள். எனக்குப் பலித்தது. ஆனால் எண்ணெய் முகத்தில் வழிந்தால் கறைதான்.

முடித்ததும் அமிலமில்லாத டிஷ்யூ தாளில் சுற்றி, படுக்கையறை அலமாரியில் வையுங்கள். வெயில் காலத்தில் கொதித்துக் குளிரில் உறையும் பரண் வேண்டாம்.

பின்சேர்க்கை: ஷிர்லி படம் போட்ட நீலக் கண்ணாடித் தட்டு வாங்கலாமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். 1930-களில் வீட்டீஸ் (காலை உணவுத் தானியம்), பிஸ்க்விக் (பேக்கிங் மாவுக் கலவை) பொட்டலங்களோடு கிடைத்தவை கோப்பை, கிண்ணம், பால் குடுவை, இந்த மூன்றும்தான். தட்டு அந்த வரிசையிலேயே இல்லை. பின்னாளில் யாரோ செய்தது. அழகுக்காக வாங்குங்கள், பழசு என்று விலை கொடுக்காதீர்கள்.